ஒன்பது தட்டு முடியும்வரை

செட் மெனு என்றால் என்னவென்று நாக்கு சார் அந்த ஒரு வாரத்தில் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டார். நான்கு பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். நாமாக எதையும் கேட்க முடியாது, அவர்களாகக் கொண்டுவந்து வைப்பார்கள், வைத்ததைச் சாப்பிட வேண்டும். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அந்த ஜப்பானிய ரெஸ்டாரன்டுக்கே போன் போட்டு, சனிக்கிழமை மத்தியானம் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். எடுத்த பெண் சிரித்தாள். அது சர்ப்ரைஸ் சார், மொத்தம் ஒன்பது தட்டு, அன்றைக்குக் காலையில்தான் செஃப் முடிவு செய்வார் என்று சொல்லி வைத்துவிட்டாள். சர்ப்ரைஸாம். ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதருக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒருவர் ஏன் இப்படி அல்லாட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அதற்கு அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பது வயதில் ஒரு சாஸ் கம்பெனியில் பாட்டில் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் தொட்டியோரம் நின்று கழுவிக்கொண்டிருந்தவர், காற்றில் வந்த வாசனையை வைத்து, இன்றைக்கு ஊற்றியிருப்பது நேற்றைய வினிகர் இல்லையே என்று சும்மா வாய்விட்டுச் சொன்னார். கலவைப் பிரிவு மேஸ்திரி, நீ பாட்டிலைக் கழுவு போதும் என்று ஒரு அதட்டல் போட்டார். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் வந்த பழைய முதலாளி காதில் அது விழுந்தது. டிரம்மை உருட்டிப் பார்த்தால் வேறு கம்பெனி முத்திரை! சப்ளை செய்தவன் சத்தமில்லாமல் மாற்றி அனுப்பியிருக்கிறான். மறுநாளே அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் ருசி பார்க்கும் அறையில் உட்கார வைத்தார்கள். அப்புறம் முப்பத்தொரு வருஷம் அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பாட்டில் அந்தக் கம்பெனியின் கேட்டைத் தாண்டியதில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவருடைய உண்மையான பெயரே தெரியாது. கேட் வாட்ச்மேனிலிருந்து கணக்கர் வரைக்கும் நாக்கு சார்தான். அவருக்கும் அதில் ஒரு பெருமை. பெருமை என்ன, தலைக்கனம் என்றே சொல்லலாம்.

அந்த நாக்குக்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. புகை கிடையாது. மத்தியானம் வரை காபி கிடையாது. பச்சை வெங்காயத்தைப் பார்த்தால் பத்தடி தள்ளி நிற்பார். வீட்டில் வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. அவர் மனைவிக்குத் தங்கை ஆசையாக வாங்கிக் கொடுத்த சென்ட் பாட்டில் பதினாறு வருஷமாக அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தது. அவள் சமைத்து வைத்தால் முதல் வாய்க்கே தீர்ப்பு வந்துவிடும். இதை இரண்டு நிமிஷம் முன்னால் இறக்கியிருக்கணும். இந்த எண்ணெய் பழசு. அவள் பதில் சொல்லமாட்டாள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் போட்டு ஆட்டிவிட்டுப் போனது. எழுந்த மூன்றாம் நாள் காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து அவர் மனைவி ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துக் கருகிப் புகை கிளம்பிவிட்டிருந்தது. அடுப்புக்கும் அவருக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திட்டுவதற்காகத் திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கருகின பாத்திரத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார், பாத்திரத்துக்குள்ளேயே முகத்தை விட்டுவிடுவார் போலிருந்தது. ஒன்றுமே வரவில்லை.

டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். நாக்கு நன்றாக இருக்கிறது, உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரியும். போனது மூக்கு. ருசி என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மூக்கு செய்கிற வேலைதான். ஆறு மாதத்தில் திரும்பினாலும் திரும்பலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார் மனிதர். கம்பெனிக்குத் தெரிந்தால் வேறு வேலை கொடுப்பார்கள், தெருவில் விட்டுவிடமாட்டார்கள், அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தால் அப்புறம் அவர் நாக்கு சார் இல்லை. மறைத்துவிடுவது என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தார்.

எப்படி மறைத்தார் என்கிறீர்களா? வாய் சுத்தமாக இருக்கிற காலை நேரத்தில்தான் சரியாகத் தெரியும், இனிமேல் சரக்கை மறுநாள் காலைதான் பாஸ் பண்ணுவேன் என்று ஒரு புது விதியைப் போட்டார். சின்ன முதலாளிக்கு ஒரே சந்தோஷம், அண்ணனுக்கு இந்த வயதிலும் எவ்வளவு அக்கறை என்று. தினமும் சாயங்காலம் மருந்து பாட்டில் அளவு சின்னக் குப்பிகளில் மாதிரிகள் சாப்பாட்டுப் பைக்குள் வீட்டுக்கு வந்தன. மேஜையில் வரிசையாக வைத்து அவர் மனைவி ஒவ்வொன்றாக நாக்கில் விட்டுச் சொல்லுவாள், அவர் எழுதுவார். அவளுக்குத் தொழில் வார்த்தை தெரியாது. இது காயாத துணி மாதிரி இருக்கு என்பாள். இது சில்லறைக் காசை வாயில போட்ட மாதிரி என்பாள். அவர் அதைப் புளிப்பு முதிரவில்லை என்றும், தகர வாடை, தொட்டியைக் கழுவவும் என்றும் ரிஜிஸ்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதுவார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று, விடிந்ததும் ஒரு சுற்று. நான்கு மாதமாக ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரவில்லை.

இப்படி ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சின்ன முதலாளி ஜப்பானைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பழைய முதலாளியின் மகன் அவர், நாற்பது வயது, எதிலும் அவசரம். ஜப்பானையும் ஐரோப்பாவையும் கலந்து கட்டிச் சமைக்கிற அந்த ரெஸ்டாரன்டில் ஒரு கறுப்பு சாஸ் ஊற்றுகிறார்களாம், அதைப் பற்றித்தான் எங்கே போனாலும் பேச்சாம். அதே மாதிரி ஒன்றைப் பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன? அண்ணே, நீங்க ஒரு தடவை சாப்பிட்டு என்னென்ன போட்டிருக்காங்கன்னு சொல்லிடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன் என்றார். இது திருட்டில் சேருமா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருடைய பாட்டிலையும் திறந்து பார்க்கிறவர்கள்தான். நாக்கு சாரே எத்தனையோ பாட்டில்களை அப்படிப் பிரித்து மேய்ந்திருக்கிறார். இந்தத் தடவைதான் விழித்தார். அவர் விழிப்பதைத் தயக்கம் என்று நினைத்துக்கொண்டு சின்ன முதலாளி, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, என் வீட்டுக்காரியும் வர்றா என்று முதுகில் தட்டினார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. மேஜைக்கு அடியில் அவள் அவர் காலை மிதிக்க வேண்டும். எள் என்றால் ஒரு மிதி, இஞ்சி என்றால் இரண்டு, பூண்டு என்றால் மூன்று, பழ வாசனை என்றால் தேய்ப்பது. ஒரு தாளில் பன்னிரண்டு வகை எழுதிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு அவள், பன்னிரண்டு வரைக்கும் எண்ணி மிதிச்சு முடிக்கிறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும், உங்க காலும் வீங்கிடும் என்றாள். அவர் சிரிக்கவில்லை. சரி, ஆறு வகையோடு நிறுத்திக்கொள்வோம் என்றார்.

சனிக்கிழமை வந்தது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் அந்தத் தாள். கையில் கைக்குட்டை. மனைவி ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் வந்தது. சின்ன முதலாளியும் முதலாளியம்மாவும் இறங்கினார்கள். முதலாளியம்மா நல்ல மாதிரி. அவருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது என்றால் சாதாரணமாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி விழாவில் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார். கடித்துப் போட்ட துண்டை எடுத்து முகர்ந்து பார்த்து, இதில் நிலக்கடலை மாவு இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னவர் நாக்கு சார்தான். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு இவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி.

உள்ளே போனதுமே முதல் அடி விழுந்தது. நாலு பேர் மேஜை. முதலாளி அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் பெண்கள் இருவரும். அதிலும் அவர் மனைவி முதலாளிக்கு நேர் எதிரே, இவருக்குக் கோணல் மூலையில். மேஜையோ நல்ல அகலம். அவர் காலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. நாற்காலியை நகர்த்திப் பார்த்தார், நகரவில்லை, தரையோடு பதித்திருந்தார்கள்.

முதல் தட்டு வந்தது. தட்டு என்றால் தட்டு இல்லை, ஒரு கரண்டி. அதில் வெள்ளையாக ஒரு துண்டு, மேலே தக்காளிச் சாறு உறைந்த மாதிரி ஏதோ. நான்கு பேரும் வாயில் போட்டார்கள். முதலாளி இவர் பக்கம் திரும்பினார். நாக்கு சாரின் மனைவி காலை நீட்டி அழுத்தி ஒரு மிதி மிதித்தாள். முதலாளி சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, அடடா, மன்னிக்கணும்மா, என் கால் நடுவுல இருந்துச்சு போல என்றார். அவள் முகம் சிவந்துபோயிற்று. ஒரு வாரத்து ஒத்திகை ஒரே மிதியில் முடிந்தது.

இங்கேதான் நாக்கு சார் மனைவியின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது தட்டில் பச்சை மீனை மெல்லிசாகச் சீவி வைத்திருந்தார்கள். ஒரு துண்டை மென்றுவிட்டு முதலாளியம்மாவிடம், ஆரஞ்சுத் தோலக் கிள்ளினா கண்ணுல தெறிக்குமே, அந்த வாசனை வருதுல்ல என்று யாரோ சேலைக் கடையில் பேசுகிற மாதிரி சொன்னாள். நாக்கு சார் கண்ணை மூடித் திறந்து, ஆரஞ்சுத் தோல், சாறு சேர்க்கலை என்றார். முதலாளி போனில் குறித்துக்கொண்டார். மூன்றாவது ஒரு கிண்ணம் சூப். மழையில நனைஞ்ச பலகை மாதிரி இருக்கு என்றாள் அவள். காய்ந்த காளான் என்றார் அவர். நான்காவது, சுட்ட கத்தரிக்காய். தீஞ்ச சர்க்கரை என்றாள். மேலே சர்க்கரை தூவி நெருப்புக் காட்டியிருக்கிறார்கள் என்றார். முதலாளி குறித்துக்கொண்டே இருந்தார். தட்டுகளுக்கு நடுவே காத்திருக்கிற நேரம்தான் கொடுமை. கைத்துணியை மடிப்பார், பிரிப்பார், தண்ணீரைக் குடிப்பார், சமையலறைக் கதவைப் பார்ப்பார். அது திறந்தால் பயம், திறக்காவிட்டாலும் பயம்.

முதலாளியம்மா சிரித்துக்கொண்டு, அண்ணிக்கும் நல்ல நாக்குதான் போல, உங்களுக்கு முன்னாடியே சொல்லிடறாங்க என்றார். இவருக்குச் சுருக்கென்றது. மனிதரின் நிலைமைக்கு அந்தப் பாராட்டைக் காலில் விழுந்து வாங்கியிருக்க வேண்டும். ஆனால் தலைக்கனம் யாரை விட்டது? இத்தன வருஷம் என்கூட இருக்காளே, கொஞ்சமாவது ஒட்டிக்காதா என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி கையிலிருந்த சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்தாள். ஐந்தாவது தட்டுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது ஒரே ஒரு வாய். சோற்று உருண்டை மேல் மீன் துண்டு. அவர் முழுசாக வாயில் போட்டு மென்றார். இரண்டாவது கடியில் ஏதோ ஒன்று தொண்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பி மூக்குக்குள் விறுவிறுவென்று ஏறியது. மூக்குக்குள்! நான்கு மாதமாக அடைத்த கதவாகக் கிடந்த மூக்கு. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டது என்று மனசு கூத்தாடியது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்து, வசாபி அண்ணே, ஜப்பான் கடுகு மாதிரி, அப்படித்தான் ஏறும் என்று தண்ணீர் கிளாஸைத் தள்ளினார். அவர் தண்ணீரைத் தொடவில்லை. அவசர அவசரமாக ஓரத்திலிருந்த இஞ்சித் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். சூடு மட்டும் முகத்தில் அடித்தது. எரிச்சல் வேறு, வாசனை வேறு, எரிச்சல் உங்களுக்குத் தெரியும் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்லத் தலையை ஆட்டினார், இல்லை என்று. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. வசாபி ரொம்பக் காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது தட்டு வந்தபோது முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். சுட்ட கோழித் துண்டுகள், மேலே கெட்டியாகக் கறுப்பு சாஸ். இதற்காகத்தான் வந்தது. பரிமாறின பெண் நான்கு தட்டையும் வைத்துவிட்டு, மேடத்துக்கு நிலக்கடலை ஆகாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தீர்கள், இதில் எள்தான் அரைத்திருக்கிறோம், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளியம்மா குச்சியை எடுத்தார், வைத்தார். தட்டைக் கொஞ்சம் தள்ளினார். பிறகு அந்தத் தட்டை அப்படியே நாக்கு சார் பக்கம் நகர்த்தினார்.

"அவங்க சொல்றதெல்லாம் எனக்கு வேண்டாம் அண்ணே. நீங்க ஒரு வாய் வச்சுப் பாத்து சரின்னு சொல்லுங்க. நான் சாப்பிடறேன்."

முதலாளி போனைக் கையில் பிடித்தபடி, ஆமாண்ணே, அப்படியே அதுல என்னென்ன இருக்குன்னும் சொல்லிடுங்க என்றார்.

நாக்கு சார் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். உப்பு வந்தது. இனிப்பு வந்தது. கடைசியில் கொஞ்சம் புளிப்பு. பல்லில் நரநரவென்று ஏதோ அரைபட்டது. அவ்வளவுதான். அந்த நரநரப்பு எள்ளாகவும் இருக்கலாம், கடலையாகவும் இருக்கலாம், மணலாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். மனைவியைப் பார்த்தார். அவளும் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் நிச்சயமில்லை.

அந்தப் பெண்தான் எள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே. முன்கூட்டியே சொல்லி வைத்த இடம். பொய் சொல்லவா போகிறார்கள்? தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஆட்டினால் திங்கட்கிழமை வழக்கம்போல அந்த அறைக்குள் போய் உட்காரலாம். இதெல்லாம் அவர் மனசுக்குள் ஓடியது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தலையை ஆட்டுவதற்குத் தயாராகவே இருந்தார் என்றுகூடச் சொல்வேன். ஆனால் முதலாளியம்மா அதற்குள் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்ற நிச்சயத்தில். அதைப் பார்த்த பிறகு இவருக்குத் தலை ஆடவில்லை.

"எனக்குத் தெரியலம்மா," என்றார்.

முதலாளி சிரித்தார். என்ன அண்ணே, உங்களுக்கே தெரியலயா, அப்ப அந்தச் சமையல்காரர் பெரிய ஆளுதான் என்றார். இந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டும் தப்பித்திருக்கலாம். அவர் முதலாளியம்மாவின் தட்டைத் தன் பக்கமாக இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வாசனையே தெரியாது சார். நாலு மாசமாச்சு. காய்ச்சல்ல போச்சு. எது எள்ளு, எது கடலைன்னு என்னால சொல்ல முடியாது. இத நீங்க தொடாதீங்கம்மா."

முதலாளி பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, உள்ளே போய் நன்றாக விசாரித்துவிட்டு வரச் சொன்னார். அவள் போய்ச் செஃபையே கூட்டிக்கொண்டு வந்தாள். செஃப் சாஸ் அரைத்த பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டி, எங்கள் சமையலறைக்குள்ளேயே நிலக்கடலை வருவதில்லை, வெறும் எள்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். வெறும் எள்! நாக்கு சார் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தலையை ஆட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

முதலாளி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப நாலு மாசமா சரக்க பாஸ் பண்ணினது யாரு?"

நாக்கு சார் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி, நான்தான் சார் என்றாள். குப்பிகள் வீட்டுக்கு வந்ததையும், தான் சொன்னதையும், அவர் எழுதினதையும் அவளே சொன்னாள். ஒளிக்கவில்லை, குறைக்கவும் இல்லை. முதலாளிக்குக் கோபம் முகத்தில் ஏறியது தெரிந்தது. ஏறின கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் ஒரு புகார் வந்திருந்தால் பிடித்து உலுக்கியிருக்கலாம். அதுவும் வரவில்லை. ஏமாத்திட்டீங்களே அண்ணே என்று மட்டும் சொன்னார். நாக்கு சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேறு எந்தச் சாப்பாடாக இருந்தாலும் அத்தோடு எழுந்து போயிருப்பார்கள். இது செட் மெனு. பரிமாறுகிற பெண்ணுக்குச் செஃப் போன பிறகு மேஜையில் நடந்தது எதுவும் தெரியாது, சிரித்த முகமாக வந்து, இது ஏழாவது, இன்னும் இரண்டு இருக்கிறது என்று நூடுல்ஸை வைத்தாள். முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். முதலாளியம்மா எதிரிலிருந்தே கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். பாதியில எழுந்து போனா செஞ்சவங்களுக்கு எப்படி இருக்கும், சாப்பிட்டு முடிச்சுட்டே போவோம் என்றார். அதோடு தன் தேநீர்க் கெண்டியிலிருந்து நாக்கு சாரின் காலிக் கோப்பையில் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கெண்டியை வைத்தார்.

அப்படி ஒரு சாப்பாட்டை அவர் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. குளிர்ந்த நூடுல்ஸைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று கால் துடித்தது. நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு மென்றார்கள். அது முடிந்து, தட்டை எடுத்து, மேஜையைத் துடைத்து, அடுத்ததுக்குக் காத்திருந்து, அப்பப்பா! எட்டாவதாகச் சோறும் ஊறுகாய் மாதிரி ஏதோ காய்கறியும் வந்தபோது முதலாளி பேசினார். டேஸ்டிங் ரூம் சாவிய திங்கக்கிழமை ஆபீஸ்ல குடுத்துடுங்க அண்ணே என்றார். ஸ்டோர்ஸில் ஆள் தேவை, அங்கே வரலாம், சம்பளத்தில் கைவைக்கமாட்டேன் என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சரி சார் என்றார்.

பிறகு முதலாளி எதிரே திரும்பினார்.

"நீங்க வர்றீங்களாம்மா? அந்த ரூமுக்கு. நாலு மாசமா நீங்கதானே பாக்கறீங்க. இனிமே நேராவே பாருங்க."

நாக்கு சார் கையிலிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டார். பொறாமை என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் பொறாமைதான். அந்த அறை, அந்த நாற்காலி, அந்த ரிஜிஸ்டர். அதே சமயம் அந்த வேலை வீட்டை விட்டுப் போய்விடாது என்று ஒரு நப்பாசையும் எட்டிப் பார்த்தது. சரின்னு சொல்லேன் என்று கண்ணால் சொன்னார். சொல்லாதே என்றும் அதே கண் சொல்லியிருக்கும். அவள் இரண்டையும் பார்க்கவில்லை. தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "நாலு மாசமா நான் ஒரு வாய் சும்மா சாப்பிடல. எத வாயில வச்சாலும் இத இவருக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் மனசு தேடுது. தண்ணி குடிச்சாக்கூட. பசிச்சுச் சாப்பிட்டு எத்தன நாளாச்சுன்னு எனக்கே தெரியல. சாப்பாட்டப் பாத்தாலே பயமா இருக்கு சார். இவருக்கு மூக்குதான் போச்சு. எனக்குச் சாப்பாடே போச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை. அந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, நீ சாப்பிட்டாயா என்று அவர் அவளைக் கேட்டதில்லை. அவள் வாய்க்குள் எது போனாலும் என்ன தெரியுது, என்ன தெரியுது என்றுதான் கேட்டிருக்கிறார். முதலாளி மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. முதலாளியம்மா அவள் கைமேல் கையை வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவது தட்டு வந்தது. ஆழமான சின்னக் கிண்ணம். உள்ளே பச்சை நிறத்தில் ஐஸ்கிரீம் மாதிரி ஒன்று, அதன்மேல் பொன்னிறமாகப் பொரிந்த ஏதோ பொடி. இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். நாக்கு சார் ஒரு கரண்டி எடுத்தார். குளிர்ச்சி, இனிப்பு, அடியில் லேசாகக் கசப்பு. அதற்கு அப்பால் ஒரு பெரிய வெற்றிடம். அந்தப் பச்சை எது? தேயிலையா, வேறு ஏதாவது இலையா? அந்தப் பொடி என்ன? கேட்கச் சொல்லி வாய் பரபரத்தது. முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம், உள்ளே கிடந்து குடைந்தது. கரண்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

எதிர் மூலையில் அவர் மனைவி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். வழக்கம்போல நெற்றியைச் சுருக்கினாள், வார்த்தை தேடுகிற பழைய பழக்கம். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், கேள்வி வரும் என்று காத்திருக்கிற மாதிரி. அவர் இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் குனிந்து இன்னொரு கரண்டி எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. சுருக்கம் மெல்ல மெல்லக் கலைந்தது. அவள் கிண்ணத்தை வழித்து முடிக்கும்வரை அவர் அவளை ஒன்றும் கேட்கவில்லை.